கொதிக்காமல் பொத்துவிலுக்கு

கட்டாரைப் பற்றி எழுதுங்க வாப்பா என்று மூன்று பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். அங்கே எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, பிள்ளைகளே. மூன்று வருடம் தண்ணி ஏற்றும் பவுசர் லொறி ஓட்டினேன். காலையில் போன றோட்டாலேயே பின்னேரம் திரும்பி வந்தேன். இரண்டு பக்கமும் மணல், நடுவில் நான். ஆனால் கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு ஒரு பயணம் போனேனே, ஐம்பது மைல்கூட இல்லாத தூரம், அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. போன காரியம் முடிய மூன்று நாள் எடுத்தது.

என்ன காரியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது லீவில் வந்திருந்தேன். மாதக் கடைசியில் திரும்பி வா என்று கம்பனி எழுதியிருந்தது. போனால் இன்னும் மூன்று வருடம். போக எனக்கு மனமில்லை. அனுப்ப உங்கட உம்மாவுக்கும் மனமில்லை. அதனால்தான் நான் வருவதற்கு முன்பே, உழைத்து அனுப்பியதைப் போட்டு அந்தச் சாம்பல் நிறக் காரை வாங்கி வைத்தோம். அது என்னைவிட இரண்டு வயதுதான் இளையது. பொத்துவிலை ஒட்டியிருக்கும் அறுகம்பேயில் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஆதம்பாவா முதலாளி, அக்கரைப்பற்றில் பஸ்ஸால் இறங்கும் ஆட்களை ஏற்றி இறக்க நிரந்தரமாக ஒரு கார் தேடிக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை பொழுதுபட, மஃரிபுக்கு முன்னம் காரைக் கொண்டுவந்து காட்டுங்க. கொதிக்காத காரெண்டா ஓட்டம் உங்களுக்கு" என்று ஆள் சொல்லி அனுப்பினார். அவரிடம் முன்பு ஓடிய கார் நடுக் காட்டில் கொதித்து நின்று, வெள்ளைக்காரர்கள் யானைக்குப் பயந்து கூரையில் ஏறி இருந்தார்களாம்.

ஆகவே கணக்கு இதுதான். கார் அவருக்குப் பிடித்தால் நான் ஊரில். பிடிக்காவிட்டால் விமானத்தில்.

புதன்கிழமை விடியச் சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பக்கத்துச் சீட்டில் உங்கட கலீல் மாமா. நான் கட்டாரிலிருந்து வரும்வரைக்கும் இரண்டு மாதம் காரைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். "கண்ணுக்குள்ள வெச்சிப் பாத்திரிக்கன் மச்சான்" என்று காரைதீவு தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். உம்மா கட்டித் தந்த ரொட்டியும் கட்டச்சம்பலும் அவர் மடியில் இருந்தன. நிந்தவூருக்கு வரும்போது பொதி பாதியாகிவிட்டது.

வண்டியின் முன்பலகையில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறதல்லவா, அதற்குள் ஓர் ஊசி. இஞ்சின் தண்ணி குளிராக இருந்தால் ஊசி இடப்பக்கம் படுத்திருக்கும். சூடாகச் சூடாக எழும்பி நடுவுக்கு வரும். வலப்பக்கம் சாய்ந்தால் ஆபத்து. நிந்தவூர் வயல்வெளியைப் பார்த்துக்கொண்டு போன நான், அட்டப்பள்ளம் தாண்டித்தான் ஊசியைப் பார்த்தேன். அது வலப்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. களியோடைப் பாலத்துக்கு ஏறுவதற்குள் முன்மூடியின் இரண்டு பக்கத்தாலும் ஆவி கிளம்பியது.

"எங்கயோ பருப்பு வேகுது மச்சான்" என்றார் கலீல் மாமா, மூக்கைத் தூக்கிக்கொண்டு.

எனக்கும் அப்படித்தான் மணத்தது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டாரில் வண்டி நின்றால் அரை நாளைக்கு ஒரு மனிதரைக் காண முடியாது. இங்கே முன்மூடியைத் திறந்து முடிவதற்குள் பதினொரு பேர் வந்துவிட்டார்கள். மண்வெட்டியோடு இரண்டு பேர், சைக்கிளில் தயிர்ச் சட்டி கட்டியவர் ஒருவர், மற்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இஞ்சினுக்குள் பதினொரு தலை. எனக்கு எட்டிப் பார்க்க இடமில்லை.

"பெல்ட் அறுந்திரிக்கும்."

"பெல்ட் இந்தா இரிக்கி. கண்ணத் திறந்து பாரு."

"அப்ப பெற்றோல்ல தண்ணி கலந்திரிக்கும்."

"தண்ணி கலந்தா ஓடாது. இது ஓடித்தானே கொதிச்சிரிக்கி."

ஒருவர் ஆற்றில் தண்ணி மொள்ளப் போனார். தயிர்க்காரர் அவரை மறித்தார். "அது உவர் தண்ணி. இரும்பத் திண்டு போடும். என்ட ராத்தாட கிணத்துத் தண்ணி தேன் மாதிரி." அந்த அக்காவின் வீடு அரை மைல் தூரம். அவர் போய் எடுத்தே வந்தார். அதற்குள் ஒரு சிங்கள லொறிக்காரர் நிறுத்தி, இறங்காமலே தன் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். சிங்களம் தெரிந்த ஒருவரிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "இந்தக் காரை நான் சின்ன வயசில பள்ளிக்கூடம் போகக்குள்ள பாத்திரிக்கன், இன்னமும் உயிரோடயா எண்டு கேட்டவர்" என்றார்.

தண்ணி ஊற்றி, ஆறவிட்டு, மெதுவாக அக்கரைப்பற்றுக்கு வந்து சேர்ந்தபோது பகல் லுஹர் தாண்டிவிட்டது. சந்தியில் ஒரு கடையில் சோறு சாப்பிட்டோம். சுறா வறையும், தேங்காய்ப்பாலில் காய்ச்சிய முருங்கைக்காய்ப் பால் ஆணமும். மூன்று வருடம் கனவில் வந்த பால் ஆணம் அது. இரண்டாம் தரம் ஆணம் கேட்டபோது கடைக்காரப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டியையே மேசையில் வைத்துவிட்டார்.

பக்கத்துக் கராஜில் காட்டினோம். அங்கிருந்தவர் காரைத் தொடவேயில்லை. ஆவியை மட்டும் பார்த்தார்.

"இஞ்சின் ஹெட் போயிட்டு. இறக்கிப் பாக்கணும். ரெண்டு கிழமைக்கு விட்டுட்டுப் போங்க."

பதினாலு நாள்! எனக்கு இருந்தது இரண்டு நாள். கலீல் மாமா இரண்டு தகரத்தில் நல்ல தண்ணி நிரப்பி வந்தார். நாலு மைலுக்கு ஒருக்கா நிறுத்தி ஊற்றி ஊற்றிப் போவதென்று தீர்மானித்தோம். தம்பிலுவிலில் ஒரு தரம், திருக்கோவிலில் ஒரு தரம், அதற்கப்பால் ஆளில்லாத இடத்தில் இரண்டு தரம். கடைசித் தகரமும் முடிய, கோமாரியில் ஒரு தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் கார் தானாகவே நின்றுகொண்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். தம்பிமுத்து என்று பேர். கடலுக்குப் போகிறவர்.

"ஆர் தம்பி நீங்க? எவடம்?"

"கல்முன அண்ண. பொத்துவிலுக்குப் போறம்."

"போறயளா, நிக்கிறயளா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "வாங்க. இந்தச் சாமான் இனி விடியத்தான் எழும்பும்."

அவர் மனைவி பாக்கியம் அக்கா எங்களுக்காகப் புதுச் சட்டியொன்றை எடுத்துக் கழுவியதைப் பார்த்தேன். எங்கள் பழக்கவழக்கம் பற்றி அவவுக்கு யோசனை வந்திருக்கிறது. "மீன் மட்டுந்தான் ஆக்கிற தம்பி. மீன்ல உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசமில்லத்தானே?" என்று கேட்டா. பாரைமீன் குழம்பும் புட்டும். வித்தியாசமே இல்லை. மாமா ஐந்து தரம் போட்டுச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை விடியக் காருக்குப் பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். யோசனை சொல்ல ஒருவரும் இல்லை. அப்போதுதான் எனக்கு என்னுடைய புத்தியும் வேலை செய்தது. கார் ரேடியேட்டரில் தண்ணி ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டேன். ஊசி மெதுமெதுவாக எழும்பி வலப்பக்கம் சாய்ந்தது. இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் றப்பர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளைகளே, அது குளிராக இருந்தது! இஞ்சின் கொதிக்கிறது, குழாய் கிணற்றடி வாளி மாதிரிக் குளிர்கிறது.

இதற்கு என்ன அர்த்தமென்று சொல்கிறேன். இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணி சூடாகும். அந்தச் சூட்டுத் தண்ணி மேல் குழாயால் ரேடியேட்டருக்குப் போய், காற்றில் ஆறி, கீழ்க் குழாயால் திரும்ப வரவேண்டும். மேல் குழாயின் வாசலில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. தெர்மோஸ்டாட் என்று அதற்குப் பேர். இஞ்சின் குளிராக இருக்கும்போது கதவு சாத்தியிருக்கும், இஞ்சின் கெதியாகச் சூடேறட்டும் என்று. அளவான சூடு வந்ததும் தானாகத் திறக்கும். எங்கட காரில் கதவு திறக்கவில்லை. உள்ளே தண்ணி கொதித்துக்கொண்டிருக்க, நாங்கள் அடுத்த அறைக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டே முப்பது மைலுக்கு மேல் வந்திருக்கிறோம். நேற்றே அந்தக் குழாயை ஒருக்காத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். பதினொரு தலையும் நானும் ஒரு விரலை வைத்துப் பார்க்கவில்லை.

இஞ்சின் நன்றாக ஆறும்வரை இருந்தேன். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும், இதை மறக்காதீர்கள். தம்பிமுத்து அண்ணன் வள்ளத்து இஞ்சினுக்கு நட்டுக் கழற்றும் சாவிப் பெட்டியைக் கொண்டுவந்தார். கொஞ்சம் தண்ணியை வடியவிட்டு, மேல் குழாயைக் கழற்றி, அந்த வாசல் மூடியின் மூன்று நட்டையும் இளக்கித் தூக்கினேன்.

உள்ளே மஞ்சள் களி.

துருவல்ல. துரு செங்கல் நிறம். இது நல்ல மஞ்சள், கையால் தொட்டால் ஒட்டியது. பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்து, விரலில் எடுத்து மணந்தா.

"இது கறிக்குப் போடுற மஞ்சளெல்லோ தம்பி?"

நான் கலீல் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலீல்."

"ஓம் மச்சான்."

"என்ன போட்டீங்க?"

"ஒண்டுமில்ல மச்சான். நீங்க வாறதுக்கு முன்னம் ரேடியேட்டர் கொஞ்சம் ஒழுகினது. மஞ்சத்தூள் போட்டா ஓட்டை அடைபடுமெண்டு பஸ் ஸ்ராண்டுல எல்லா ட்ரைவர்மாரும் சொன்னாங்க. அடைபட்டதுதானே? ஒரு சொட்டு ஒழுகலயே!"

"எத்தின கரண்டி?"

"கரண்டிக் கணக்கில்ல. பக்கட்டு."

"எத்தின பக்கட்டு?"

"மூணு. பொறகு இறுக்கமா இரிக்கட்டுமெண்டு ஒரு பிடி கடலமா."

தம்பிமுத்து அண்ணன் மணலிலேயே குந்திவிட்டார், அவ்வளவு சிரிப்பு. "உப்பு மட்டுந்தான் குறைஞ்சிருக்கு. போட்டிருந்தா நேத்து ராவு குழம்புக்கு இஞ்சின்ல இருந்து எடுத்திருக்கலாம்!" கலீல் மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் எங்கட ஊரில் ஒழுகுகிற ரேடியேட்டருக்கு மஞ்சள் போடாத ஆளில்லை. ஒரு சிட்டிகை போட்டால் ஒழுக்கு நிற்கவும் செய்யும். மாமாவின் குற்றம் அதிக பாசம்தான்.

தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்தேன். ஒரு சின்னக் கிண்ணம் அளவு, அடியில் ஒரு ஸ்பிரிங். தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்துக் கழுவினோம். பிறகு பாக்கியம் அக்காவின் அடுப்பில் சட்டியில் தண்ணி கொதிக்க வைத்து, நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். சட்டியின் அடியில் படக்கூடாது, தண்ணிக்கு நடுவில் நிற்கவேண்டும். நல்லதென்றால் கொதிக்கும் முன்பே கதவு திறக்க வேண்டும். தண்ணி கொதித்துத் தளதளத்தது. கதவு அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் அவியட்டும்" என்றா அக்கா.

இன்னும் அவித்தோம். அசையவில்லை. மஞ்சள் மட்டுமல்ல, வயதும் சேர்ந்து அதன் உயிரை வாங்கிவிட்டது.

"அது எதுக்கு மச்சான்? கழட்டி எறிஞ்சிட்டுப் போவம். எல்லாரும் அப்பிடித்தானே ஓடுற?" என்றார் மாமா. அவசரத்துக்கு வேறு வழியும் இல்லை. கதவை எடுத்துவிட்டு வாசல் மூடியை மட்டும் திரும்பப் பூட்டினேன். இஞ்சின் சூடேறாமல் பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் கொதிக்காது. பழையதை நூலோடு என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கோமாரியிலிருந்து பொத்துவில் வரைக்கும் கார் காற்று மாதிரிப் போனது. ஊசி இடப்பக்கமே படுத்துக் கிடந்தது. மாமா பாட்டுப் படித்தார். அறுகம்பேப் பாலத்தைத் தாண்டி முதலாளியின் வளவுக்குள் காரை நிறுத்தியபோது, ஒரு மூச்சு ஆவிகூட இல்லை. ஓட்டம் கிடைத்துவிட்டதென்றே நினைத்தேன்.

ஆதம்பாவா முதலாளி மெலிந்த மனிதர், வெள்ளைச் சாறன், வெள்ளைத் தொப்பி. காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். கதவைத் திறந்து, குனிந்து, ஊசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கல்முனையில இருந்தா வாறீங்க?"

"ஓம் முதலாளி."

"இவ்வளவு தூரம் ஓடின காருக்கு ஊசி எழும்பவே இல்லையே. வயரைக் கழட்டிட்டீங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் அவர் சொன்னார். முன்பு அவரிடம் ஓடிய கார்க்காரன் இதைத்தான் செய்தானாம். கார் கொதிப்பது தெரியாமலிருக்க ஊசியின் வயரைக் கழற்றிவிட்டு, குளிர் குளிர் என்று காட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர்களைக் காட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். வாடகைக் கார்க்காரர் பலருக்கும் இந்த வித்தை தெரியும்.

வயர் பூட்டியிருப்பதைக் காட்டினேன். தெர்மோஸ்டாட் கதையைச் சொன்னேன். மஞ்சள் கதையைக்கூடச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"எல்லாருக்கிட்டயும் ஒரு கதை இரிக்கி மகன். எனக்கு ஊசி நடுவுல நிக்கணும். ஏறவும் ஏலா, படுக்கவும் ஏலா. நாளைக்கி மஃரிப் வரைக்கும் பாப்பன். பொத்துவில்லயும் ஒராள் கார் வெச்சி ஓட்டம் கேக்கார்."

பொய் சொல்லாமல் வந்து பொய்யனாக நின்றேன். அன்றைக்கு அவர் வளவிலேயே ஒரு கொட்டிலில் படுக்க இடம் தந்தார், அது அவருடைய நல்ல குணம். கடல் பக்கம் போய் இருந்தேன். தலைமயிர் வளர்த்த வெள்ளைக்காரப் பொடியன்கள் பலகையில் ஏறி அலையில் நிற்பதும் விழுவதுமாக இருந்தார்கள். ஒருவன் எட்டுத்தரம் விழுந்தான். எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் தரம் நின்றான்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குப் புறப்பட்டேன். மாமா காருக்குக் காவல். "ரேடியேட்டரைக் கழுவுங்க. மஞ்சள் போய் வெறும் தண்ணி வாற வரைக்கும் கழுவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பஸ் நிறையத் தயிர்ச் சட்டி. மனிதர்கள் நின்றோம், சட்டிகள் சீட்டில் இருந்தன. கோமாரிக்கு இப்பால் ஓர் எருமைப் பட்டி றோட்டை அடைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தது. ட்ரைவர் ஹோர்ன் அடித்தார், எருமைகள் காதை மட்டும் ஆட்டின. அவர் இஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்திரிகை எடுத்தார். கட்டாரில் ஒட்டகம் இப்படித்தான் மறிக்கும், ஆனால் அதற்குக் கொஞ்சமாவது வெட்கமிருக்கும். நானும் இன்னும் நாலு பேரும் இறங்கிச் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு விரட்டினோம்.

அக்கரைப்பற்றுச் சந்தியில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக மோட்டார்ச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் பலகையைப் பூட்டிக்கொண்டிருந்தார். குளித்து, அத்தர் பூசி, தொப்பி போட்டிருந்தார்.

"ஜும்ஆக்குப் பொறகு வாங்க தம்பி."

வெள்ளிக்கிழமை கடையைத் திறவுங்க என்று யாரைக் கேட்க முடியும்? ஆனால் இந்த மனிதர் தொழுதுவிட்டு எந்தப் பக்கம் போவார், எப்போது வருவார் என்று தெரியாது. நான் கை கால் கழுவி வுழூச் செய்துகொண்டு பள்ளிக்குள் அவருக்குப் பக்கத்திலேயே போய் இருந்துகொண்டேன். குத்பாப் பிரசங்கத்தை ஒழுங்காகக் கேட்டேன் என்று சொன்னால் அது பொய். தொழுகை முடிந்து அவர் எழும்ப, நானும் எழும்பினேன். செருப்பைப் போட, நானும் போட்டேன்.

"தம்பி எங்க போறீங்க?"

"நீங்க போற இடத்துக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கதை முழுவதையும் நடந்துகொண்டே சொன்னேன், கட்டார், கம்பனிக் கடிதம், முதலாளியின் ஊசி எல்லாம். அவருக்கு மனமிளகிவிட்டது. ஆனால் கடைக்குப் போகவில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போனார். "பசியோட சாமான் தேட ஏலா" என்று நெய்ச்சோறு குவித்த பெரிய சஹன் தட்டில் என்னையும் இருத்தினார். நேரம் போகிறதே என்று நினைத்தாலும் கை ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

கடையில் ஏணி வைத்து ஏறி, ஒரு பழைய பிஸ்கட் தகரத்தை இறக்கினார். "இத ஒருத்தரும் கேட்டு வாறல்ல தம்பி. சூட்டு நாட்டுக்கு இது எதுக்கெண்டு எல்லாரும் கழட்டித்தான் எறியிற."

"கட்டாரவிடச் சூடா நம்மட நாடு? அங்க ஒருத்தரும் கழட்டுறல்ல."

"அப்பிடியா?" என்று அவர் யோசித்தார். தகரத்துக்குள் நாலு இருந்தன. பைக்குள்ளிருந்து பழையதை எடுத்து ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்த்தோம். மூன்று பெரிது. நாலாவது வாயும் வாயும் பொருந்தியது. எத்தனை டிகிரியில் திறக்கும் என்று விளிம்பில் அடித்திருந்த இலக்கமும் ஒன்றுதான்.

திரும்ப பஸ் இல்லை. அடுத்தது எப்போதென்று கேட்டதற்கு, "வந்தா வரும்" என்றார் சந்தியில் கச்சான் கடலை விற்றவர். பொத்துவிலுக்கு ஐஸ் ஏற்றிப்போகும் மீன் லொறியொன்று கிடைத்தது. ஐஸ்மேல் சாக்கு, சாக்குமேல் நான். கட்டாருக்குப் போனதிலிருந்து அவ்வளவு குளிரை நான் கண்டதில்லை.

வளவுக்குள் போனபோது பின்னேர அஸர் முடிந்துவிட்டது. மாமா பதினாலு வாளி தண்ணி விட்டுக் கழுவியிருந்தார். முற்றம் மஞ்சளாக ஓடியிருந்தது. "இப்ப குடிக்கலாம் மச்சான்" என்றார், கைநிறையத் தண்ணியைக் காட்டி. களி போனதும் பழைய ஒழுக்கு திரும்பி வந்திருந்தது. அதையும் அவரே கண்டுபிடித்து, பொத்துவிலில் ஒட்டுவேலைக்காரனிடம் கொண்டுபோய் ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்.

பூட்டுவதற்கு முன் முதலாளியைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டேன். அவர் கண்ணால் காணட்டும் என்றுதான். சட்டியில் தண்ணி வைத்து, புதியதை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாசலால் எட்டிப் பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பொடியன், இது என்ன சூப், எனக்கும் ஒரு கோப்பை கிடைக்குமா என்று இங்கிலீசில் கேட்டானாம். மாமா மொழிபெயர்த்துச் சொன்னார்.

தண்ணி இன்னும் கொதிக்கவில்லை. அடியில் சின்னக் குமிழிகள்தான். மட்டி அவியும்போது வாயைத் திறக்குமே, அதுபோல மெதுவாக, சத்தமில்லாமல், கதவு திறந்தது.

"அட!" என்றார் முதலாளி.

தூக்கிப் பச்சைத் தண்ணியில் வைத்தேன். சாத்திக்கொண்டது. நூலை என் கையிலிருந்து அவர் வாங்கிக்கொண்டார். திரும்பச் சட்டியில் விட்டார், திறந்தது. பச்சைத் தண்ணி, சாத்தியது. ஐந்தாறு தரம் செய்தார். நான்தான் மஃரிபை ஞாபகப்படுத்தி வாங்க வேண்டியிருந்தது.

வாசல் மூடிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த மட்டை வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும். பழையது இந்த இரண்டாம் தரம் கழற்றும்போது கிழிந்துவிட்டது. மாமா சுவரில் தொங்கிய கலண்டரில் கை வைத்தார்.

"அது இந்த வருசத்துக் கலண்டர்!" என்று முதலாளி பாய்ந்து வந்து, போன வருடத்து மட்டையைத் தேடி எடுத்துத் தந்தார். மூடியை அதன்மேல் வைத்துக் கோடு கீறி, பிளேடால் வெட்டி, கிறீஸ் பூசினேன். ஸ்பிரிங் இஞ்சின் பக்கம் இருக்கும்படி தெர்மோஸ்டாட்டை இறக்கினேன். மாறி வைத்தால் திறக்காது. மூன்று நட்டையும் ஒன்றைவிட்டொன்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். நல்ல தண்ணி நிரப்பி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே இஞ்சினை ஓடவிட்டேன், உள்ளே நிற்கும் காற்று வெளியேறட்டும் என்று. குமிழி நின்றதும் மூடினேன். மேல் குழாயில் முதலாளியின் கையை வைத்தேன். முதலில் குளிர். பிறகு, "சுடுது, சுடுது!" என்று கையை இழுத்துக்கொண்டார்.

முதலாளி முன்சீட்டில் ஏறினார். கோமாரி வரைக்கும் போய் வருவோம் என்றார். பொத்துவில் தாண்டியும் அவர் கடலையோ காட்டையோ பார்க்கவில்லை. மூக்கு ஊசியில் முட்டுமளவுக்குக் குனிந்திருந்தார். ஊசி எழும்பியது. எழும்பி எழும்பி நடுவுக்கு வந்தது. என் மூச்சும் நின்றுவிட்டது. ஊசியும் நின்றது. ஒரு நூல் இப்பால் இல்லை, ஒரு நூல் அப்பால் இல்லை.

கோமாரியில் தம்பிமுத்து அண்ணன் எங்கட காரைத் தூரத்தில் கண்டுவிட்டு, தண்ணித் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "கொதிக்கல்ல அண்ண, கொதிக்கல்ல!" என்று மாமா பின்சீட்டிலிருந்து கத்தினார். அவர் நம்பவில்லை. முன்மூடியைத் தொட்டுப் பார்த்துத்தான் தகரத்தை வைத்தார்.

திரும்பி வரும் வழியில் முதலாளி நிமிர்ந்து சாய்ந்து இருந்தார். "ஞாயித்துக்கிழம நாலு பேர் வாறாங்க. பகல் பஸ். பிந்தாம அக்கரைப்பத்துல நில்லுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பள்ளியில் மஃரிப் பாங்கு சொல்லும்போது வளவுக்குள் நுழைந்தோம்.

சனிக்கிழமை லுஹருக்கு முன் வீட்டுக்கு வந்தேன். பெரியவர்கள் நீங்கள் இரண்டு பேரும் காரின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஏறிவிட்டீர்கள். சின்னவள் நீ மட்டும் உம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் போகும்போது கைப்பிள்ளை நீ. உனக்கு என்னைத் தெரிந்ததே அந்த லீவில்தான். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு விடியலும் ஒரே கேள்விதான் கேட்பாய், நாங்களும் விரல் மடித்து எண்ணிச் சொல்வோம். அன்றைக்கும் கேட்டாய்.

"வாப்பா, இன்னும் எத்தின நாளைக்கி இரிப்பீங்க?"

உம்மா என் முகத்தைப் பார்த்தா. நான் விரலை மடிக்கவில்லை.

"நாளைக்கி அறுகம்பேக்கு ஆக்களக் கொண்டுபோய் விட்டுட்டு, மஃரிபுக்கு வந்திருவன்" என்றேன்.

"அதுக்குப் பொறகு?"

"அதுக்குப் பொறகும் மஃரிபுக்குத்தான் வருவன்."